பிரிண்டர் இருக்கும் அறை

கட்டில் சத்தம்தான், வேறொன்றுமில்லை. அரசி புரண்டு படுத்திருக்கிறாள், எழுந்துவிடவில்லை. எழுந்தால் முதலில் ஒரு இருமல் வரும், இத்தனை வருஷம் அவளோடு குடும்பம் நடத்தியவனுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி. மடியில் லேப்டாப் சுடுகிறது. தொடையெல்லாம் வேர்வை. தலைக்கு மேலே மின்விசிறி எதையோ மென்றுகொண்டே சுற்றுகிறது. திரையில் காலையிலிருந்து அதே பதில், பிரிண்டர் ஆஃப்லைன். ஆஃப்லைனாம். அதோ இருக்கிறதே, பாதி சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், அவள் கால்மாட்டில், மேஜை மேல், பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி. என் கண்ணுக்குத் தெரிகிறது, இந்த லேப்டாப்புக்குத் தெரியவில்லை. எழுந்து போய் அதன் தலையில் ஒரு போடு போட்டால் தெரியுமோ என்னவோ. கோபப்படாதே சிதம்பரநாதா. கோபப்பட்டால் தப்புத் தப்பாக அழுத்துவாய். மின்வாரியத்தில் பில் கட்ட வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தாயே, அந்தக் கோபத்துக்கு இங்கே வேலையில்லை. இங்கே சத்தம் வரக் கூடாது. சத்தம் வந்தால் அவள் விழித்துக்கொள்வாள், விழித்தால் என்னங்க பண்றீங்க என்பாள். என்ன பண்ணுகிறேன்? உன் மார்பிலிருந்து எடுத்த சதைத்துணுக்கின் ரிப்போர்ட்டை உனக்குத் தெரியாமல் உன் பிரிண்டரிலேயே பிரிண்ட் எடுக்கப் பார்க்கிறேன். புற்று என்று போட்டிருக்கிறது அதில். சாயங்காலம் அதை இன்னொரு டாக்டரிடம் காட்டப் போகிறேன், அவராவது இல்லை என்று சொல்ல மாட்டாரா என்று. நீ தூங்கு அரசி. தூங்கு, இன்னும் கொஞ்ச நேரம்.

ஐந்து மணிக்கு டாக்டர். சென்னையிலிருந்து மாதத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்கு வருகிறவர், அவர் பார்த்துச் சொல்லிவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது என்கிறார்கள். இன்றைக்கு விட்டால் அடுத்த மாதம். அடுத்த மாதம் வரை இது பொறுத்துக்கொண்டிருக்குமா, புக் பண்ணிவிட்டுக் காத்திருக்க இதென்ன கேஸ் சிலிண்டரா. போனில் பேசிய பெண் கறாராகச் சொல்லிவிட்டாள். "ஃபோன்ல காட்டுனா டாக்டர் பாக்க மாட்டாரு சார். பேப்பரா கொண்டு வாங்க. நாலரைக்குள்ள ஃபைல் குடுத்துடணும்." அங்கேயே எடுத்துக்கொள்ள முடியுமா அம்மா என்று குழைந்து கேட்டேன், நான், சிதம்பரநாதன், குழைந்து. "பேஷண்டுக்கெல்லாம் இங்க பிரிண்ட் எடுத்துத் தர்றதில்ல சார்." ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எந்தக் கடை திறந்திருக்கும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் காலையிலேயே ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன், எல்லாம் ஷட்டர். திறந்திருப்பது எங்கள் தெருமுக்கில் பாக்கியராஜின் ஜெராக்ஸ் கடை ஒன்றுதான். அவனிடம் கொடுப்பதற்கு ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிவிடலாம். கெட்டவன் இல்லை, அதுதான் வம்பு. அரசி டைப்பிங் வேலை பார்த்த காலத்தில் அவள் கொடுக்கும் கட்டுக்கெல்லாம் பைண்டிங் போட்டுக் கொடுத்தவன், அக்கா அக்கா என்று உயிரை விடுவான். வாட்ஸ்அப்ல அனுப்புங்க மாமா என்பான், அது அவன் திரையில் அகலமாக விரியும், மங்கையர்க்கரசி, பெண், அறுபது. என்ன மாமா இது என்று அங்கேயே கண் கலங்குவான். நாலு மணிக்குள் அவன் மனைவி ஓடி வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுவாள். நல்லவர்களிடம்தான் எதையும் மறைக்க முடிவதில்லை, கெட்டவனாக இருந்தால் கையில் எதையாவது திணித்து வாயை அடைத்திருக்கலாம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. மறைக்க வேண்டும் என்று நானா கிளம்பினேன். அந்த முதல் டாக்டர்தான் ஆரம்பித்து வைத்தார். லேப் சீட்டைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், "அம்மா கொஞ்சம் வெளியில உக்காருங்க, சார்கிட்ட ஃபீஸ் விஷயம் பேசிடறேன்" என்றார். அவளும் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஃபீஸ் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவர் சொல்லிக்கொண்டே போனார், எனக்கு அவர் மேஜை மேல் இருந்த கண்ணாடிக் குண்டுதான் தெரிந்தது, உள்ளே ஒரு பிளாஸ்டிக் பூ, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுல இப்ப சொல்ல வேண்டாம், மனசு தளர்ந்துட்டா ட்ரீட்மெண்ட் கஷ்டம் என்றார், தாளைக் கையில் தராமல் ரிப்போர்ட்டை என் போனுக்கே அனுப்பிவைத்தார். வெளியே வந்தபோது அவள் பக்கத்திலிருந்த ஒரு பெண்ணிடம் வாழைப்பூவை எப்படிக் கறுக்காமல் நறுக்குவது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாருங்க? கொழுப்புக்கட்டி மாதிரிதான் இருக்காம், டெஸ்ட் ரிசல்ட் இன்னும் முழுசா வரலையாம். எப்ப வரும்? லேப்ல மிஷின் ரிப்பேராம். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய், வாய்க்குள்ளேயே தயாராக உட்கார்ந்திருந்தது போல. அன்று ராத்திரி மொட்டை மாடிக்குப் போய்க் கோதைக்குப் போன் பண்ணினேன். புனேயில் இருக்கும் பெண் அங்கே அழ, நான் இங்கே தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க, கடைசியில் அவளும் அதையேதான் சொன்னாள். "நான் வெள்ளிக்கிழமை வந்துடறேன்ப்பா. அதுவரைக்கும் அம்மாகிட்ட மூச்சு விடாதீங்க." மாப்பிள்ளை வாங்கிப் பேசினார், அவரும் அதுதான் சரி என்றார். மச்சானுக்குச் சொன்னேன், அவன் ஒரு படி மேலே போய், அக்கா மனசு தாங்காது அத்தான், கடைசி வரைக்கும் சொல்லாமலே வைத்தியம் பார்த்துடலாம் என்றான். எல்லாரும் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டுத் தீர்மானம் நிறைவேற்றிவிட்டோம். ராத்திரி சாப்பாட்டில் உப்பு கூடிப்போயிருந்தது, நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே தப்பு. நான் உப்பைப் பற்றி வாய் திறக்காமல் எழுந்தது இந்த வீட்டில் அதுவே முதல் தடவையாக இருக்கும். உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். என் நெற்றியை.

எதிர்வீட்டில் குக்கர் விசில். ஸ்டெல்லா வீட்டில் ஞாயிறு மட்டன், மணக்கிறது. உள்ளே சத்தமில்லை. எழவில்லை. சரி, இந்தப் பிரிண்டர் சனியனுக்கு வருவோம். மாத்திரை என்றால் மாத்திரை, ஊசி என்றால் ஊசி என்று புரிந்துகொள்ளலாம், இதற்கு என்ன நோய் என்றே யாருக்கும் புரியாது. புரிகிற ஒரே ஆள் உள்ளே படுத்திருக்கிறாள். அதுதான் கொடுமை. கறுப்பு மை மட்டும் போடுகிற கிழட்டு லேசர் பிரிண்டர், அவள் டைப்பிங் வருமானத்தில் வாங்கியது, ஏதாவது மக்கர் பண்ணினால் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டுவாள், மூடியைத் திறந்து மூடுவாள், ஓடும். கல்லூரிப் பிள்ளைகள் செருப்பை வாசலில் குவித்துவிட்டு அந்தச் சின்ன அறையில் நெருக்கியடித்து நிற்பார்கள். அக்கா நாளைக்கு சப்மிஷன்க்கா. நான் ஆபீஸிலிருந்து வந்தால் காபிகூடக் கிடைக்காது, அறை முழுக்கச் சூடான தாளின் வாசனை. பொறியியல், வரலாறு, மண்புழு, பாலங்கள், எல்லாவற்றையும் டைப் அடித்தாள். ஒரு தடவை ஒரு நர்சிங் படிக்கிற பெண்ணுக்கு இதே நோயைப் பற்றித்தான் முழு ஆய்வையும் அடித்துக் கொடுத்தாள், படம் எல்லாம் போட்டு. பேரைப் பார்த்தால் எந்த நிலை, எவ்வளவு தூரம் என்று அவளுக்கு விளங்கிவிடும், எனக்கு விளங்காது. நான் அந்த ரிப்போர்ட்டைத் திறந்தால் கார்சினோமா என்ற சொல்லை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன். அவள் ஒரு பார்வையில் படித்துவிடுவாள். அதனால்தான் அவள் கண்ணில் ஒரு வரிகூடப் படக் கூடாது. காலையில் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அறைக்குள் நுழைந்து உறையைக் கழற்றி, சுவிட்சைப் போட்டு, தாளை அடுக்கிவிட்டு, ஹாலுக்கு ஓடி வந்து பிரிண்ட் கொடுத்தேன். வரவில்லை. மறுபடி கொடுத்தேன். வரவில்லை. வராமல் எங்கே போகிறாய் பார் என்று அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன், தலைகீழாக இல்லை, அந்த மட்டுக்கும் தப்பித்தேன். உறை இல்லாமல் பிரிண்டர் நிற்பதை அவள் பார்த்திருப்பாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் கவனிக்கவில்லை என்று அர்த்தமா, கவனித்தாள் என்று அர்த்தமா.

இதெல்லாம் புது வைஃபை பெட்டி வந்த வினை. போன மாதம் கேபிள்காரன் வந்து பழையதைக் கழற்றிவிட்டு டிவிக்கு மேலே இந்த வெள்ளைப் பெட்டியை மாட்டினான், என்ன பேர் வைக்கலாம் சார் என்று கேட்டான். மின் கட்டணம் அவள் பேரில், பால் கார்டு அவள் பேரில், ஒரு வைஃபையாவது என் பேரில் இருக்கட்டுமே என்று சிதம்பரம் என்று வைக்கச் சொன்னேன். அரசி சிரித்தாள். என் போன் ஒட்டிக்கொண்டது, டிவி ஒட்டிக்கொண்டது, பிரிண்டரை யார் நினைத்தார்கள். அது மட்டும் இன்னும் பழைய பேரைத் தேடிக்கொண்டு நிற்கிறது. புதுப் பேரை அதற்குச் சொல்லிக்கொடுக்கலாம்தான், அதன் நெற்றியில் இருக்கும் குட்டித் திரையில், ஒவ்வொரு எழுத்தாக, மேலே கீழே என்று பொத்தானைத் தட்டித் தட்டி. மத்தியானம் அவள் கண்ணயர்ந்ததும் பூனை மாதிரி போய் ஒரு பொத்தானை அழுத்தினேன். கீச்சென்று ஒரு சத்தம். ஒரு எழுத்துக்கு அத்தனை கீச், முழுப் பேருக்கு எத்தனை கீச். அவள் முகம் என் பக்கம் திரும்பியது, கண் திறக்கவில்லை. நான் அப்படியே நின்றேன். முந்தானை விலகியிருந்தது, ஊசி போட்ட இடத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி. அங்கேதான். அதற்குள்ளேதான் இருக்கிறது, நாங்கள் எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிற அது, அவளோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டு. பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தேன். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைத்தேன். அவள் என்ன செய்வாள் என்று நினைக்கவில்லை, நான் என்ன செய்வேன் என்றுதான் நினைத்தேன், உள்ளதை அப்படியே சொல்லிவிடுகிறேன். சோபாவில் விழுந்து போனில் தேடியதில் ஒரு வீடியோவில் கோயம்புத்தூர்ப் பேச்சில் ஒருவர் வழி சொன்னார். பழைய மிஷினைத் தொடவே வேண்டாமுங்க, புதுப் பெட்டிக்குப் பழைய பேரையும் பழைய பாஸ்வேர்டையும் வச்சு உட்ருங்க, அது பழைய பெட்டிதான் திரும்பி வந்துருச்சுன்னு நெனைச்சுத் தானா வந்து ஒட்டிக்கும். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. ஹாலில் உட்கார்ந்தபடியே முடித்துவிடலாம். முடித்துவிட்டு, அவள் எழுந்து அடுப்படியில் காபி போடுகிற நேரத்தில் ஒரே ஒரு அழுத்து, நாலு பக்கம், போய் எடுத்து மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, சங்கத்து மீட்டிங்குக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். ஓய்வூதியர் சங்கத்து மீட்டிங். அந்தப் பொய்யை நேற்றே சொல்லி வைத்தாயிற்று.

பழைய பேர் என் போனிலேயே இருந்தது, அரசி டைப்பிங், ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில். பாஸ்வேர்டு? அவள்தான் வைத்தாள். எப்போது கேட்டாலும் இப்படிக் குடுங்க என்று போனை வாங்கி மளமளவென்று அடித்துக் கொடுத்துவிடுவாள், நானும் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை, அவள் எங்கே போய்விடப் போகிறாள். கோதை பிறந்த தேதியாக இருக்குமோ. அவள் பேரோ. எங்கள் கல்யாண நாளோ, அந்தத் தேதியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மணி மூன்றைத் தாண்டிவிட்டது. கேட்டுத்தான் ஆக வேண்டும். பூனைக்கு மணி கட்டப் பூனையிடமே யோசனை கேட்கிற எலி மாதிரி கதவருகே போய் நின்றேன். அரசி, என்றேன், மெதுவாக. ம்ம். "பழைய வைஃபைக்கு என்ன பாஸ்வேர்டு வச்சிருந்தே?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள், "இப்ப எதுக்குங்க அது?" "சும்மாதான். இந்த பிரிண்டர் வேலை செய்ய மாட்டேங்குது." சொல்லியிருக்கக் கூடாது. நுணலும் தன் வாயால் கெடும். கண் திறந்தது. "நீங்க என்ன பிரிண்ட் எடுக்கப் போறீங்க?" "சங்கத்து நோட்டீஸ்." "கொண்டாங்க, நான் ஒரு தடவை பாத்துத் தர்றேன். உங்க ஆளுங்க வரிக்கு ரெண்டு தப்பு விடுவாங்க." எழுந்திருக்கக் கையை ஊன்றினாள், அந்தப் பக்கக் கை, வலித்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்தாள். "வேணாம்! படுன்னு சொல்றேன்ல. நம்பரை மட்டும் சொல்லு." கத்திவிட்டேன். அந்த அறையில் அவ்வளவு சத்தம் தேவையே இல்லை. அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், மாசக் கடைசியில் பால் கணக்கு உதைக்கும்போது பால்காரரைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. "பழைய லேண்ட்லைன் நம்பர்தாங்க. எஸ்டிடி கோடோட சேத்து" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

லேண்ட்லைன் நம்பர். அது எனக்குத் தூக்கத்தில்கூட வரும். ஆபீஸிலிருந்து தினமும் மத்தியானம் சுற்றிய நம்பர், சாப்பிட்டியா என்று கேட்க இல்லை, யாராவது வந்தார்களா, தபால் வந்ததா என்று விசாரிக்க. அவளே எடுப்பாள், பின்னால் பிரிண்டர் ஓடும். அந்தப் போனைக் கழற்றிக் கொடுத்து எவ்வளவோ காலமாகிவிட்டது, அந்த நம்பரை இவள் வீட்டுச் சாவியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. எனக்கு வேறு என்னென்ன தெரியாது. யோசிக்காதே, வேலையைப் பார். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, அதில் இருந்த எண்ணை லேப்டாப்பில் அடித்தேன், ஒரு பக்கம் திறந்தது. பேர் என்ற கட்டத்தில் சிதம்பரம். ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். அரசி டைப்பிங். கீழே லேண்ட்லைன் நம்பர். ஒரு எண் மாறினாலும் போச்சு, விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுச் சரிபார்க்கிறேன், காதை அறைக்குள் வைத்துக்கொண்டு. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாளே, தூங்குகிறாளா, விழித்துக்கொண்டு யோசிக்கிறாளா. மிஷின் ரிப்பேர் என்று இவன் சொன்னானே, எந்த லேபில் இத்தனை நாள் மிஷின் ரிப்பேராக இருக்கும் என்று யோசிக்கிறாளா. பதினைந்து பேருக்கு நடக்கிற சங்கத்து மீட்டிங்குக்கு இவன் ஏன் இந்தக் கத்து கத்துகிறான் என்று யோசிக்கிறாளா. சேமி என்ற பொத்தானை அழுத்துகிறேன். டிவிக்கு மேலே பெட்டியின் விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் அணைகின்றன. செத்துவிட்டதா. ஒரு சிவப்பு வருகிறது. சிவப்பு, சிவப்பு, சிவப்பு. கெடுத்துவிட்டேனா, இருந்ததும் போச்சா, ஞாயிற்றுக்கிழமையில் கேபிள்காரன் போனை எடுப்பானா. முருகா, இது ஒன்றை மட்டும் ஓடவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன், மற்றதையும் நீயே பார்த்துக்கொள். பச்சை. லேப்டாப்பின் மூலையில் இருந்த வைஃபை விசிறிக் குறி நிரம்புகிறது, பழைய பேரைப் பார்த்ததும் நான் ஒன்றும் செய்யாமலே ஒட்டிக்கொண்டுவிட்டது. கோயம்புத்தூர்க்காரரே, நீர் நன்றாக இருக்க வேண்டும். ஆஃப்லைன் என்ற எழுத்து மறைகிறது. தயார் என்கிறது. எனக்குச் சிரிப்பு வருகிறது, சத்தமில்லாமல் தொடையில் தட்டிக்கொள்கிறேன், ஜெயித்துவிட்டேன், இனி அவள் எழுந்து காபி போடப் போக வேண்டியதுதான் பாக்கி.

உள்ளே ஒரு உறுமல். கிழடு தொண்டையைச் செருமுகிறது. நான் ஒன்றும் அழுத்தவில்லையே, விரல் லேப்டாப்பைத் தொடக்கூட இல்லையே. தாள் இழுபடும் சத்தம், கர்ரென்று. அப்புறம்தான் உறைக்கிறது. காலையில் அழுத்தினேனே. வரவில்லை வரவில்லை என்று அழுத்து அழுத்தென்று அழுத்தினேனே, அதெல்லாம் எங்கேயும் போய்விடவில்லை, இந்த லேப்டாப்புக்குள்ளேயே காத்துக்கொண்டிருந்திருக்கிறது, இப்போது வழி கிடைத்ததும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகிறது. நிறுத்து. எங்கே நிறுத்துவது. ஒரு சின்னச் சன்னல் திறக்கிறது, ஒரே பேர் அடுத்தடுத்த வரியில், மங்கையர்க்கரசி, மங்கையர்க்கரசி, மங்கையர்க்கரசி. ரத்து செய்யவா என்று கேட்கிறது. செய், செய், செய்து தொலை. ரத்து செய்யப்படுகிறது என்று சொல்லிக்கொண்டே நிற்கிறது, உள்ளே இரண்டாவது தாள் விழுகிறது. இருமல். "என்னங்க, உங்க சங்கத்து நோட்டீஸ் வருது" என்கிறாள் அரசி, நல்ல குரலில், என் கத்தலை மன்னித்துவிட்ட குரலில். நான் எழுந்திருக்கப் பார்க்கிறேன், லேப்டாப் மடியிலிருந்து சரிகிறது, அதைப் பிடிப்பதா ஓடுவதா. "இருங்க, நானே எடுத்து வைக்கிறேன், தாள் கீழ விழுந்துடும்." அரசி, வேண்டாம், என்றபடி லேப்டாப்பைச் சோபாவில் போடுகிறேன். பிரிண்டர் மட்டும் ஓடுகிறது.

கதவைத் தள்ளுகிறேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையில் தாள்கள். அடுத்த தாள் வருகிறது, பழைய பழக்கத்தில் அதைப் பார்க்காமலே எடுத்து அடியில் சொருகிக்கொள்கிறாள், கண் முதல் பக்கத்திலேயே நிற்கிறது. நான் பாய்ந்து சுவிட்சுக்குக் கையை நீட்டுகிறேன். "நிறுத்தாதீங்க. பாதியில நிறுத்துனா தாள் சிக்கிக்கும்" என்கிறாள். கையை எடுத்துவிட்டேன். அப்படியே நிற்கிறேன். அது பாட்டுக்கு ஓடுகிறது, முதல் பிரதி முடிந்து இரண்டாவது, இரண்டாவது முடிந்து மூன்றாவது, ஒவ்வொன்றிலும் அவள் பேர், ஒவ்வொன்றிலும் அந்தச் சொல், அறை முழுக்கச் சூடான தாளின் வாசனை. நாங்கள் இரண்டு பேரும் அது ஓய்வதற்காகக் காத்திருக்கிறோம். ஓய்ந்தது. அவள் எல்லாவற்றையும் மேஜையில் தட்டி ஓரம் சமமாக்குகிறாள், ஒரு தடவை, இன்னொரு தடவை, சமமான பிறகும் தட்டிக்கொண்டே இருக்கிறாள். "கோதைக்குத் தெரியுமா?" "தெரியும்." "மாப்பிள்ளைக்கு?" "ம்." "என் தம்பிக்கு?" தலையை ஆட்டினேன். "எதிர்வீட்டு ஸ்டெல்லாவுக்கு?" "சேச்சே, அவங்களுக்கு எதுக்கு." "அப்ப எனக்கும் ஸ்டெல்லாவுக்கும்தான் தெரியாது." நான் என்னென்னவோ சொல்கிறேன், டாக்டர்தான் சொன்னார், மனசு தளரும் என்றார், வெள்ளிக்கிழமை கோதை வந்ததும் சொல்லலாம் என்று, சென்னை டாக்டர் இன்றைக்கு, அவர் இல்லை என்று சொல்லிவிடலாம், லேபில் எத்தனையோ தப்பு நடக்கிறது. அவள் இரண்டாவது பக்கத்தில் ஒரு வரியை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "தப்பெல்லாம் இல்லைங்க. தெளிவாத்தான் எழுதியிருக்கான்" என்கிறாள். ஒரு பிரதியைப் பிரித்து என்னிடம் நீட்டுகிறாள். "டாக்டருக்கு ஒண்ணு போதும். இன்னொண்ணு எனக்கு." மிச்சத்தைக் கட்டிலில் வைக்கிறாள். "நானும் வர்றேன். எத்தனை மணிக்கு?" "நாலரைக்கு அங்க இருக்கணும்." சரி என்கிறாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றுகிறாள், துடைக்கிறாள், மறுபடி மாட்டவில்லை. "ஏங்க" என்கிறாள். "பயமா இருக்கு." என்னிடம் எத்தனை பதில் தயாராக இருந்தது. எல்லாம் சரியாகிவிடும், இப்போதெல்லாம் மருந்து வந்துவிட்டது, யாருக்கோ இதே வந்து பேரன் கல்யாணம் வரை பார்த்தார்களாம். இத்தனை நாளாக ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எனக்கும்தான் அரசி. ரொம்பப் பயமா இருக்கு" என்கிறேன். அவள் என்னைப் பார்க்கிறாள். "அதை மொதல்லயே வந்து சொல்லியிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, புடவை மாற்றப் போகிறாள்.